மெதுவாகப் பழக்கிய வண்டி

வடக்குக் கடலோர ஊரான மல்லட் ஹார்பரில், உறைபனிமேல் ஓடும் பனிவண்டி ஒன்றைப் புதிதாக வாங்குகிறவர் முதலில் தான் அதில் ஏறி உட்காருவதில்லை. சாவியை வெர்னாவிடம் கொடுத்துவிடுவார். வெர்னா அதை ஒரு வாரமோ பத்து நாளோ ஓட்டிப் பழக்கித் திருப்பிக் கொடுப்பாள். காசு வாங்கமாட்டாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு கடல்வாத்தோ ஒரு சுமை விறகோ அவள் வாசலில் வந்து இறங்கும். அதை வேண்டாம் என்றும் சொல்லமாட்டாள்.

எஞ்சினைப் பழக்குவது பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத வேலை. குளிர்ந்து கிடப்பதைச் சற்று நேரம் ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டும். பிறகு கிளம்பி, கட்டைவிரலால் ஆக்சிலேட்டரைப் பாதிவரை அழுத்தி, விட்டு, மறுபடி கொஞ்சம் கூட்டி, விட்டு, ஒரே வேகத்தில் தங்காமல் ஏற்றி இறக்கிக்கொண்டே போக வேண்டும். திரும்பி வந்ததும் முன்மூடியில் கை வைத்தால் சில்லென்று இருக்கும்வரை ஆறவிட வேண்டும். மறுபடி முதலிலிருந்து. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் ஒன்றையொன்று தேய்த்துத் தங்களுக்குள் ஒத்துப்போகும் காலம் அது. அப்போது எப்படி அமைகிறதோ அப்படியே கடைசிவரை இருக்கும். கல்யாணமான முதல் வருடம் மாதிரி என்பான் அவள் கணவன் லெஸ்டர். "எங்களோடது பழக்கும்போதே புகைஞ்சுது" என்று சேர்த்துக்கொள்வான்.

ஊரில் ஓடும் வண்டிகளில் பாதி வெர்னா பழக்கியவை. அவளுக்கென்று புதிதாக ஒன்று வந்ததில்லை. அவள் ஓட்டுவது ஒரு மஞ்சள் டூ ஸ்ட்ரோக். அதன் எஞ்சினின் கீழ்ப்பாதி ஒரு செத்த வண்டியுடையது, மேல்பாதி இன்னொரு செத்த வண்டியுடையது. இரண்டையும் சேர்த்துவைத்தவள் அவள். அது நீலப்புகை விட்டுக்கொண்டே போகும். வேகமானி முள் உடைந்த பிறகு அவள் தூரத்தைக் காதாலும் பெட்ரோலாலும் கணக்கிட்டாள். கோடையில் நண்டுப் பதப்படுத்தும் ஆலையில் வேலை. குளிர்காலத்தில் காலை நேரம் ஊர் ஆஸ்பத்திரியைப் பெருக்கித் துடைக்கும் வேலை. ஐம்பத்து மூன்று வயதில் விரல் மூட்டுகள் நண்டின் மூட்டுகளைப் போல் ஆகிவிட்டிருந்தன.

வருடத்தில் ஒரு நாள் மட்டும் வேறு மாதிரி. மார்ச் கடைசியில் குளிர்காலத் திருவிழா வரும். பெண்கள் பந்தயம் படகுத்துறையில் தொடங்கி, உறைந்த கடல்மேல் போய், கல் தீவைச் சுற்றிக்கொண்டு துறைக்கே திரும்பும். பரிசு ஒரு முழுப் பன்றித்தொடை. வென்றவள் அதை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. அன்று மாலை ஊர்க்கூடத்து விருந்தில் மேடைக்கு முன்னால் மேசை போட்டு, அவளே கத்தியை எடுத்து அறுத்து, வரிசையில் தட்டோடு வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு வைப்பாள். கடைக்காரர், பாதிரியார், நர்ஸ், ஆலை மேனேஜர் எல்லாரும் தட்டை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். பல வருடங்களாக அந்தக் கத்தி வெர்னாவின் கையில்தான். மஞ்சள் வண்டி வேகமானதல்ல. ஆனால் தீவுக்குப் பின்னால் பனி எங்கே வழுக்கும், எங்கே மேடுகட்டும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒரு மாலைக்காக மீதி வருடத்தை அவள் பொறுத்துக்கொண்டாள்.

மார்ச் நடுவில் ஒரு நாள் வாலஸ் என்பவரின் கடைமுன் லாரி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியது சிவப்பு வண்டி. ஃபோர் ஸ்ட்ரோக். வெர்னாவின் தங்கை செல்மாவுக்கு வந்தது. அவள் மகன் டுவெயின் உள்நாட்டில் இரும்புச் சுரங்கத்தில் வேலை செய்து அம்மாவுக்கு வாங்கி அனுப்பியிருந்தான்.

செல்மா வண்டியின் இருக்கையைக் கட்டிப்பிடித்து அழுதாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்னாவும் போய், உறையைக் கிழித்துவிட்டுப் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தாள். கையுறையைக் கழற்றாமல்தான் தடவினாள்.

செல்மா நான்கு வயது இளையவள். சின்ன வயதில் அம்மா இரண்டு பேருக்கும் கோட்டு தைத்தபோது ஒன்றுக்குத்தான் நரித்தோல் கழுத்துப்பட்டை போதுமாக இருந்தது. அது செல்மாவின் கோட்டுக்குப் போனது. வெர்னா அதைப் பற்றி ஒருபோதும் யாரிடமும் பேசியதில்லை. அந்தத் தோலின் நிறம் மட்டும் இன்னும் ஞாபகம் இருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு ஆல்பர்ட்டாவில் இருக்கும் மகள் பாலெட் அவளுக்கு ஒரு மெழுகுவர்த்தி அனுப்பியிருந்தாள். ஊசியிலைக் காட்டின் மணம் என்று மேலே எழுதியிருந்தது. வெர்னா சமையலறை ஜன்னலைத் திறந்தாலே வருகிற மணம். லெஸ்டர் அதைக் கொளுத்தி வைத்துக்கொண்டு, "ஆல்பர்ட்டா போனதும் நம்ம ஊர்க் காட்டையே மறந்துட்டா போல" என்றான். வெர்னா ஊதி அணைத்துவிட்டாள்.

அன்று மாலையே டுவெயின் போனில் கூப்பிட்டான்.

"பெரியம்மா, வண்டி வந்துருச்சா?"

"வந்துருச்சு. சிவப்பா இருக்கு."

"அம்மாகிட்ட மட்டும் அத விட்டுராதீங்க. அவங்க கட்டைவிரலப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? பழைய எஞ்சின வறுத்து வச்சாங்கல்ல. நீங்க பழக்கிக் குடுத்தாத்தான் எனக்கு இங்க நிம்மதி."

"வண்டி அவளுது. அவளக் கேளு."

"கேட்டாச்சு. அக்கா தொடாம நான் தொடமாட்டேன்னுட்டாங்க." பிறகு சிரித்தான். "இன்னொண்ணு பெரியம்மா. இந்தத் தடவ அம்மா பந்தயத்துல இறங்கறாங்களாம். பன்னித்தொடய அறுக்கறது நான்தான்னு இப்பவே எல்லார்கிட்டயும் சொல்லியாச்சாம். பாத்து நடந்துக்குங்க."

வெர்னாவும் சிரித்தாள். போனில் அது சிரிப்பு மாதிரிதான் கேட்டிருக்கும்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, செல்மா வாசலில் நின்ற சிவப்பு வண்டியில் ஏறினாள். பொத்தானை அமுக்கினாள். கயிறு இழுக்க வேண்டியதில்லை. புகை இல்லை, நாற்றம் இல்லை. பக்கத்து அறையில் யாரோ தொண்டையைச் செருமியதுபோல் ஒரு சத்தம், அவ்வளவுதான். கைப்பிடியில் ஏதோ சூடு பரவியது. கைகளைச் சுடவைக்க அதில் ஒரு ஏற்பாடு இருந்தது. நவம்பரிலிருந்து வலித்துக்கொண்டிருந்த விரல்கள் துறையைத் தாண்டுவதற்குள் வலியை விட்டன.

அந்தச் சுகம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. செல்மாவின் விரல்களுக்கு ஒரு குறையும் இல்லை. அவள் ஆலையில் ஒரு கோடைகூட முழுதாக வேலை செய்ததில்லை.

ஓர் எஞ்சினைப் பழக்கும்போது கெடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று முரட்டுத்தனம். முழு வேகத்தில் விரட்டினால் சிலிண்டர் கீறிக்கொள்ளும். அது உடனே தெரிந்துவிடும், யார் கை என்றும் தெரிந்துவிடும். மற்றது அளவுக்கு மீறிய மென்மை. ஏற்றாமல் இறக்காமல் ஒரே மெதுவான ஓட்டத்தில் வைத்திருந்தால் ரிங் சிலிண்டரோடு பொருந்தாது. சிலிண்டர் சுவர் கண்ணாடிபோல் பளபளத்துவிடும். எஞ்சின் கெட்டுவிட்டது என்று யாரும் சொல்லமாட்டார்கள், ஓடத்தான் செய்யும். ஆனால் ஆயிலையும் பெட்ரோலையும் குடித்துக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, கடைசிவரை சோம்பலாகவே இருக்கும்.

வெர்னா அன்று துறையிலிருந்து கடைவரைக்கும், கடையிலிருந்து துறைவரைக்கும் நடக்கும் வேகத்தில் போய்வந்தாள். கடைமுன் வண்டியை அணைக்காமல் வெகுநேரம் நிற்கவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

"தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரில்ல ஓட்டறா" என்றார் வாலஸ். "என் வண்டிய இப்படி ஓட்டுனியா நீ? எனக்கு ஞாபகமில்லையே."

"உங்க வண்டி பழைய ரகம். இதுக்குப் பொறுமை வேணும்."

"தங்கச்சின்னா தனிதான். நானும் அடுத்த மாசம் ஒண்ணு எடுக்கப்போறேன். நானும் உனக்குக் கூடப்பொறந்தவனா இருந்திருக்கலாம்."

செல்மா ஒரு நாள் வெல்லப்பாகு பன் சுட்டு, துணியில் சுற்றி, சூடாக எடுத்துவந்தாள். சமையலறையில் நின்றுகொண்டே பேசினாள். எப்போதும் அவளுக்கு உரத்த குரல்.

"அக்கா, ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேன். அவ்வளவு மெதுவா, அவ்வளவு பக்குவமா. என் புருஷன்கூட என்ன அப்படி நடத்துனதில்ல."

"உன் புருஷன் மீன்பிடிக்கப் போறவன். வண்டி பழக்கறவன் இல்ல."

"நீ சலிச்சுக்கறேன்னு தெரியுது. இருந்தாலும் எனக்காகச் செய்யற பாரு." அவள் கண் கலங்கியது. செல்மாவுக்குக் கண் எளிதில் கலங்கும். வெர்னா ஒரு பன்னை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். நன்றாக இருந்தது. செல்மாவின் பன் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அதுவும் ஒரு விஷயம்.

லெஸ்டர் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தான். படகில் வலை இழுக்கும்போது முதுகு பிடித்து, இரண்டு வருடமாகப் பெரும்பாலும் அங்கேதான். செல்மா போன பிறகு கேட்டான்.

"என்ன வெர்னா, தினமும் சவ ஊர்வலம் போற?"

"புது எஞ்சின்."

"எனக்கு முதுகுதான் போச்சு. காது இருக்கு. ஏறலை, இறங்கலை. ஒரே முனகலா இருக்கு."

"ஃபோர் ஸ்ட்ரோக். சத்தம் அப்படித்தான்."

"அப்படியா?" கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா இன்னிக்குக் காலையில குன்றுக்குப் பின்னாடி நல்லா ஓட்டுன. அது உன் கை. கேட்டவுடனே சொல்லிருவேன்."

"காலையில நான் ஆஸ்பத்திரித் தரையத் தொடச்சிக்கிட்டிருந்தேன்."

"அப்ப வேற யாரோ. யாருன்னு கேட்டு அவங்ககிட்டப் போய்க் கத்துக்க."

வெர்னா அடுப்பில் விறகைத் திணித்தாள். சத்தமாகவே திணித்தாள்.

வார முடிவில் பெட்ரோல் நிரப்பும்போது ஒன்றைக் கவனித்தாள். அவள் ஓட்டிய தூரத்துக்குச் செலவு அதிகமாக இருந்தது. கடை முனைக்கும் துறைக்கும் நடந்த நடைக்கு இவ்வளவு குடிக்க நியாயமில்லை. வண்டியின் திரையில் ஏதேதோ எண்கள் ஓடின. அவள் அவற்றைப் பார்க்கவில்லை, பெட்ரோலைத்தான் பார்த்தாள். எஞ்சின் இப்போதே குடிக்க ஆரம்பித்துவிட்டது. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது அவள் மனதில் வெகுநாளாக இல்லாத ஓர் இலகு இருந்தது. கைப்பிடியின் சூடு ஒரு காரணம் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

இரவில் படுத்துக்கொண்டு தீவுக்குப் பின்னால் இருக்கும் வளைவை நினைத்துப் பார்த்தாள். மஞ்சள் வண்டி அங்கே திரும்பும்போது பின்னால் சிவப்பு சிறியதாகத் தெரிவதையும்.

பந்தயத்துக்கு முந்தின நாள் வண்டி அவள் கொட்டகைக்கு வந்தது. பழக்கி முடித்ததும் முதல் ஆயிலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும். அதோடு அவள் வேலை முடிந்தது. செல்மா உதவிக்கு வந்து புனலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழக்கத்துக்கு மாறாக வாயே திறக்கவில்லை.

வெர்னா அடியில் படுத்து, ஆயில் வடியும் துளையின் திருகைக் கழற்றினாள். ஆயில் தட்டில் இறங்கியது. அவள் எதிர்பார்த்தது குறைவான ஆயில், சுத்தமாக, போட்ட நிறத்திலேயே. வந்ததோ முழு அளவு. கருத்து, வேலை செய்த ஆயில். திருகின் நுனியில் ஒரு சிறு காந்தம் உண்டு. அதில் சாம்பல் நிறத்தில் பூச்சுப்போல் மெல்லிய இரும்புத்தூள் ஒட்டியிருந்தது. விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள். மாவுபோல் இருந்தது. கீறலில்லாமல் தேய்ந்து, ரிங்கும் சிலிண்டரும் கச்சிதமாகப் பொருந்திய எஞ்சினில் மட்டும் வரும் தூள். தான் பழக்கிய மிகச் சிறந்த வண்டிகளில் இரண்டு மூன்றில் இதைப் பார்த்திருக்கிறாள்.

இந்த வண்டியில் இது வர வழியில்லை.

அவள் விரலைப் பார்த்தபடியே படுத்திருந்தாள்.

"அக்கா, என்ன?" என்றாள் செல்மா.

வெர்னா தூளை மறுபடி தேய்த்துப் பார்த்தாள்.

"கெட்டுப்போச்சா?"

"இரு."

"தெரிஞ்சிருச்சு உனக்கு." செல்மா புனலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும், ஆயிலப் பாத்தா உனக்குத் தெரிஞ்சிரும்னு. அக்கா, கோவிச்சுக்காத. நான்தான் கெடுத்தேன்."

வெர்னா வண்டிக்கு அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தாள்.

"என்ன பண்ணுன?"

"காலையில நீ ஆஸ்பத்திரிக்குப் போனதும், எங்கிட்ட இருந்த இன்னொரு சாவியப் போட்டு எடுத்துக்கிட்டுப் போயிருவேன். குன்றுக்குப் பின்னாடி, ஏரிமேல. முதல் நாள் சும்மா உக்காந்துதான் பாத்தேன். அப்புறம் கை கேக்கல. நீ மெதுவா ஓட்டறதப் பாக்கப் பாக்க எனக்கு இங்க என்னமோ பண்ணுச்சு." நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். "அதுக்காக முழுசா அழுத்தல. சத்தியமா. அழுத்துவேன், சத்தம் ஏறும், உடனே உன் மூஞ்சி ஞாபகம் வரும், விட்டுருவேன். கொஞ்சம் போனதும் மறுபடி அழுத்துவேன். டுவெயின் ஞாபகம் வரும், விட்டுருவேன். அப்படியேதான் போய்ட்டு வருவேன்."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரந்தான். சீக்கிரமே கொண்டுவந்து வச்சிருவேன். மதியம் நீ வந்து மூடியில கை வச்சா சூடு தெரியக்கூடாதில்ல."

வெர்னா எழுந்து உட்கார்ந்தாள். ஏற்றி, இறக்கி, ஆறவைத்து. பாதிக்கு மேல் அழுத்தாமல். பயத்தால் செல்மா ஒவ்வொரு காலையிலும் எஞ்சினை எப்படிப் பழக்க வேண்டுமோ அப்படியே பழக்கியிருந்தாள். மதியத்தில் தான் செய்ததையெல்லாம் இவள் காலையில் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறாள்.

"யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கல. பாத்தாலும் ஹெல்மெட் போட்டா எல்லாரும் ஒண்ணுதான். வாலஸ் நீன்னு நெனச்சுக் கைகூட ஆட்டினார்."

"நீ என்ன பண்ணுன?"

"நீ பண்ற மாதிரி ஒரு விரல் மட்டும் தூக்கினேன்." சொல்லும்போதே அழுகைக்கு நடுவில் செல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அடக்கிக்கொண்டாள். "டுவெயின்கிட்ட சொல்லிராத அக்கா. நீ இவ்வளவு நாள் பாத்துப் பாத்துப் பண்ணத நான் நாசம் பண்ணிட்டேன்னு தெரிஞ்சா ஒடிஞ்சுபோயிருவான். நாளைக்குத் தோத்தாலும் பரவாயில்ல எனக்கு. எஞ்சின் பிழைக்குமா, அத மட்டும் சொல்லு."

கொட்டகையில் இரும்பும் பழைய பெட்ரோலும் மணத்தன. தட்டில் ஆயில் சொட்டுவது நின்றிருந்தது. வெர்னா காந்தத்தைத் துணியால் துடைத்தாள். மறுபடி அடியில் படுத்துத் திருகைப் பொருத்தினாள். கையால் முடிந்தவரை சுற்றினாள். ஸ்பேனரை மாட்டினாள்.

இந்த இடத்தில் கடைசி அரைச் சுற்றை விட்டுவிடலாம். தீவுக்குப் பின்னால் வளைவு வரும்வரை தாங்கும். அதற்குப் பிறகு தாங்காது. பனிமேல் கறுப்பாக ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். செல்மாவின் குற்றத்தைச் செல்மாவே ஒப்புக்கொண்டிருக்கிறாள். யாரும் வெர்னாவைக் கேட்கப்போவதில்லை.

அவள் கை நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று செல்மாவுக்குத் தெரிந்திருக்காது. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

ஒரு மங்கலான ஆத்திரம் வெர்னாவுக்குள் வந்தது. அது செல்மாமேல் இல்லை. வெர்னா முடுக்கிய திருகு ஒழுகியது என்று இந்த ஊரில் யாரோ ஒருவர், வாலஸோ வேறு யாரோ, ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். அவளிடம் மிச்சமிருப்பது அந்தப் பெயர் ஒன்றுதான். அரைச் சுற்றை முடுக்கினாள். அதற்கு மேலும் ஒரு நூல் அளவு முடுக்கினாள்.

"பிழைக்கும்" என்றாள்.

"சொல்லமாட்டியே?"

"சொல்லல. புனலக் குடு."

செல்மா புனலையும் கொடுத்து, எண்ணெய்க் கையையும் பார்க்காமல் அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

பந்தய நாள் காலை வெளிச்சமாக இருந்தது, காற்று இல்லை. ஏழு பெண்கள் துறைக்குக் கீழே வரிசையில் நின்றார்கள். மஞ்சள் வண்டியின் கயிற்றை வெர்னா பலமுறை இழுக்க வேண்டியிருந்தது. செல்மா பக்கத்தில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கிவிட்டு, வெர்னாவைப் பார்த்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள்.

பாதிரியார் சிவப்புத் துணியை இறக்கினார். வெர்னா முதலில் கிளம்பினாள். கிளம்புவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. தீவுவரை நீலப்புகை அவளுக்குப் பின்னால்தான் இருந்தது, முன்னால் சுத்தமான பனி. வளைவில் உள்பக்கம் ஒதுங்கினாள். அங்கே காற்று பனியை அள்ளிக்கொண்டு போய்த் தரை இறுகலாக இருக்கும். யாரும் அங்கே அவளைப் பிடித்ததில்லை.

செல்மாவும் பிடிக்கவில்லை. வளைவில் அகலமாகப் போய், பின்தங்கி, மேட்டில் ஒரு தடவை குதித்து, ஏறக்குறைய விழப்போனாள். ஆனால் தீவு முடிந்து நேர்கோடு வந்ததும் அவள் கட்டைவிரல் தன் வேலையைக் காட்டியது. டுவெயின் பயந்த கட்டைவிரல். இந்தத் தடவை யாரை நினைத்தும் அது பிடியை விடவில்லை. வெர்னாவுக்கு முதலில் கேட்டது சத்தம். கனமான, இடையறாத, மூச்சு வாங்காத சத்தம். தன் வாழ்நாளில் அவள் கேட்ட எஞ்சின் சத்தங்களில் அதைவிட நல்லதைக் கேட்டதில்லை. பிறகு சிவப்பு அவளைக் கடந்தது. தூவிய பனி ஹெல்மெட்டின் முகக்கண்ணாடியை மூடியது. அவள் ஒரு கையால் துடைத்துவிட்டு மிச்சத் தூரத்தை ஓட்டினாள். இரண்டாவதாக வந்தாள்.

மாலை கூடத்தில் பட்டாணிச் சூப்பும் உப்பு மீனும் வேகவைத்த டர்னிப் கிழங்கும் பரப்பியிருந்தார்கள். மேடைக்கு முன்னால் மேசை. செல்மா கத்தியோடு நின்றாள். வரிசை கதவுவரை நீண்டிருந்தது. லெஸ்டரை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் சாய்த்திருந்தார்கள். வெர்னா தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். வரிசையில் நிற்பது எப்படி இருக்கும் என்று பல வருடங்களாக அவள் மறந்திருந்தாள். முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

செல்மா அறுப்பதை நிறுத்திவிட்டு உரக்கச் சொன்னாள். "ஒண்ணு சொல்லணும். ஜெயிச்சது நான் இல்ல. எங்கக்கா கை. இந்த வண்டிய அவ எப்படிப் பழக்கினான்னு நீங்க எல்லாரும் பாத்தீங்க."

கைதட்டினார்கள். நர்ஸ் எழுந்து நின்றே தட்டினாள். லெஸ்டர் மட்டும் தட்டவில்லை. தலையைச் சாய்த்து, ஏதோ சத்தத்தைக் கேட்பவன்போல் மனைவியைப் பார்த்தான்.

வரிசையில் முன்னால் நின்ற வாலஸ் திரும்பினார். "கேட்டியா வெர்னா. என் வண்டி அடுத்த வாரம் வருது. எனக்கும் இதே மாதிரி பழக்கிக் குடுத்துரு. ஒரு இழை மாறக்கூடாது. செல்மா வண்டி எப்படியோ அப்படியே."

"அதுக்கு நான் மட்டும் பத்தாது" என்றாள் வெர்னா. "செல்மாவும் வேணும்."

கூடம் சிரித்தது. வாலஸ் தட்டைத் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அவ விரல் பட்டா எஞ்சின் எரிஞ்சுபோகும்" என்றார். செல்மா சிரிக்கவில்லை. கத்தி கறியில் பாதியில் நின்றிருந்தது. அக்காவைப் பார்த்தாள், கெஞ்சுவதுபோல. வெர்னா பார்வையை எடுக்கவில்லை.

வரிசை நகர்ந்தது. வாலஸ் தன் துண்டை வாங்கிக்கொண்டு போனார். வெர்னா தட்டை நீட்டினாள். செல்மா அறுத்து வைத்தாள். துண்டு ஒரு பக்கம் தடித்தும் ஒரு பக்கம் தாள்போல் மெலிந்தும் இருந்தது. மேசைமேல் மற்ற துண்டுகளும் அப்படித்தான் கிடந்தன.

"எனக்கு வரல அக்கா" என்றாள் செல்மா, தாழ்ந்த குரலில். கத்தியின் பிடியை அவள் பக்கம் திருப்பினாள். "நீ அறு. யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

வெர்னாவின் வலது கை தட்டிலிருந்து எழும்பியது. பிறகு திரும்பி வந்து தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

"அடுத்த வருஷம்" என்றாள்.

பின்னால் நின்றவளுக்கு இடம் விட்டு, லெஸ்டர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தடித்த பக்கத்திலிருந்து தின்ன ஆரம்பித்தாள்.